மிச்சப் பொறுமை

மனித குலத்தில் கோபமே வராதவர்கள் இரண்டு வகை. செத்துப்போனவர்கள் ஒரு வகை. இன்னொரு வகையில் அவன் ஒருவன்தான். வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவனுக்கு ஐஸ்கட்டி என்று பெயர். பட்டத்தை வைத்ததும் அவனே.

அங்கே ஒவ்வொரு மேஜையிலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். சிரித்துக்கொண்டே பேசினால் அது போனில் கேட்கும் என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு. அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐஸ்கட்டி தன்னைப் பார்த்தே பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். அன்றைக்குக் கடைசியாகப் போனில் வந்தவர் லேசில் விடுகிற ஆளாக இல்லை.

"உனக்கெல்லாம் யாருய்யா வேலை குடுத்தது?"

"உங்க சிரமம் புரியுதுங்க சார்."

"என்ன புரியுது? உன் சட்டையா கிழிஞ்சுது?"

"இல்லைங்க சார். மன்னிச்சுக்குங்க."

கண்ணாடியில் பல்வரிசை இம்மி பிசகவில்லை.

வேலை முடிந்து இறங்கும்போது பக்கத்து மேஜைக்காரன் வழக்கம்போல மாடிப்படியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தான். தினமும் கொஞ்ச நேரம் அப்படிச் சும்மா இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவான். மாடிப்படிச் சாமியார் என்ற பெயரும் ஐஸ்கட்டி வைத்ததுதான்.

"என்ன சாமி, வீட்டுக்காரிக்குப் பயந்து தவமா?"

"நாள் பூரா அடக்கியாச்சு மாப்ள. வீட்லயும் அடக்கக் கொஞ்சம் வேணும்ல. ஊறட்டும்னு உக்காந்திருக்கேன்."

"பொறுமை என்ன தண்ணி டேங்க்கா, தீர்ந்துபோக? தண்டால் மாதிரிடா. எடுக்க எடுக்க ஏறும்."

"சரி, ஏறட்டும்" என்றான் சாமியார்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கையில் ஐஸ்கட்டிக்குப் போன வாரம் நினைவுக்கு வந்தது. பென்சில் சீவித் தரச் சொல்லி மகள் மூன்றாவது முறை கேட்டதற்குத்தான் கத்தினான். நின்ற இடத்திலேயே குழந்தைக்கு மூத்திரம் போய்விட்டது. "இன்னொரு தடவை இவகிட்ட கத்தினீங்கன்னா, கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி. சத்தம் போடாமல், அவன் போனில் பேசுகிற அதே குரலில் சொன்னாள். அன்றிலிருந்து மகள் அவன் முன்னால் வருவதில்லை. இன்று காலைதான், பள்ளிக்கூடத்தில் சொல்லப்போகும் கதையை அப்பாவிடம் சொல்லிக் காட்டப்போவதாக அவளாகவே அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்த விரலை வைத்தான். உள்ளே கதை ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு ஊர்ல ஒரு முயல் இருந்துச்சாம். அது... அது..."

மறந்துபோனால் மகள் முதலிலிருந்துதான் ஆரம்பிப்பாள். ஆரம்பித்தாள். மறுபடி மறந்தாள். மறுபடி முயல் வந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் அவன், ஆபீஸ் கண்ணாடி முன்னால் போலவே, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆனால் கத்தப்போகும் வார்த்தைகள் தொண்டையில் வரிசை கட்டி நின்றன.

விரலை எடுத்துக்கொண்டான். திரும்பிப் போக வேறு இடமும் இல்லை. மேல்வீட்டுக்குப் போகும் படியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்பா இன்னும் வரலையாம்மா?"

"வர்ற நேரந்தான். நீ சொல்லு."

"ஒரு ஊர்ல ஒரு முயல்..."

ஆள் நடமாட்டம் இல்லையென்று படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. இருட்டில் அவன் பல் மட்டும் இன்னும் சிரித்தபடி இருந்தது.