சிலைக்குப் பின்னால் ஓர் ஏணி

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். ஆன்லைன் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வாயைப் பாதி திறந்தபடி, கண் சிமிட்டாமல் சிலையாக உட்கார்ந்துவிடுவாள். நெட் நின்றுபோனதாக நினைத்து டீச்சர் அடுத்தவரிடம் போய்விடுவார்.

இன்று வாய்மொழித் தேர்வு. பதில் சொல்லாவிட்டால் மார்க் கிடையாது.

"உராய்வு இல்லேன்னா என்ன ஆகும், சொல்லும்மா?"

பதில் தெரியும். ஆனாலும் பழக்கதோஷத்தில் சிலையாகிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து எலெக்ட்ரீஷியன் அப்பா வேலைக்குக் கிளம்பினார். அவள் முதுகுக்குப் பின்னால் முதலில் ஏணியின் முனை வந்தது. அப்புறம் அப்பா வந்தார். மிச்ச ஏணி நிதானமாக வந்துகொண்டே இருந்தது.

"ஏம்மா, உன் நெட் நின்னுபோச்சு. உங்கப்பா மட்டும் எப்படி நடக்கிறாரு?"

அப்பா திரும்பி, "வணக்கம் டீச்சர்! நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நேத்துதான் நானே ஒயர் மாத்தினேன்" என்றார்.

வகுப்பே சிரித்தது. சிலையும் அடக்க முடியாமல் குலுங்கிச் சிரித்தது. சிரித்த வேகத்தில் தொண்டை திறந்துகொண்டது.

"உராய்வு இல்லேன்னா இந்த ஏணி சுவத்துல நிக்காது டீச்சர். சாய்ச்சதுமே அடி வழுக்கிடும். எங்கப்பா தொப்புனு விழுவாரு!"

"அடிப்பாவி, உதாரணத்துக்கு நான்தான் கிடைச்சேனா?" என்றார் அப்பா.

"முழு மார்க்!" என்ற டீச்சர், அடுத்து வகுப்புத் தலைவனைக் கூப்பிட்டார். அவன் அசையவில்லை, கண்கூடச் சிமிட்டவில்லை. அவன் தலைக்கு மேலே ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.