ஹாக்கிக்காரன் தின்ற முட்டை

சவுரியப்பனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? கடத்தூர் ரோட்டு நூல் மில்லில் சென்னப்பனும் தொழிலாளிதான். ஆனால் மில்லின் ஹாக்கி டீமில் கோல் போடுகிறவன் அவன். மத்தியானம் வரை மிஷின் பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவான். சம்பளம் மட்டும் முழுசு. போதாக்குறைக்குத் தினமும் இரண்டு அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால். அவன் விட்டுப்போன மிஷினில் சாயங்காலம் வரை நின்று அறுந்த நூலை ஒட்டுகிறவன் சவுரியப்பன். நிரந்தர வேலையில்லை, பதிலி ஆள். அந்த அரை நாள் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது.

"குச்சிய வெச்சிக்கிட்டுப் பந்துக்குப் பின்னால ஓடறதுக்கு முட்டையாம்! எம்புள்ளைங்க ஈஸ்டருக்குத்தான் முட்டையப் பாக்குதுங்க" என்று மனைவி லூர்துமேரியிடம் பொருமுவான்.

"அடுத்தவன் தட்ட எட்டிப் பாக்காதய்யா" என்பாள் அவள்.

எண்பத்திமூன்றில் மழை பொய்த்தது. கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. நூல் விற்காமல் குடோனில் தேங்கியது. மானேஜர் எல்லோரையும் கூட்டினார். ஊரூராக மில் டீம்களைக் கலைக்கிறார்கள், நமக்கும் ஹாக்கி கட்டுபடியாகுமா தெரியவில்லை என்று இழுத்தார்.

இதற்காகவே காத்திருந்தவன்போல் சவுரியப்பன் எழுந்தான்.

"பஸ் செலவு, பூட்ஸு, முட்டை, பாலு! கோப்பையக் கொண்டாந்தா நூலு வித்துடுமாங்க சார்? டீமக் கலைங்க. அவங்களும் மத்தவங்களாட்டம் முழு நாள் நின்னு வேல செய்யட்டும்!"

கூட்டம் கைதட்டியது. சென்னப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அடடா, அந்த முகத்தைப் பார்க்கச் சவுரியப்பனுக்கு என்ன சந்தோஷம்!

திங்கட்கிழமை டீம் கலைந்தது. அன்று மத்தியானம் சவுரியப்பன் சீட்டியடித்துக்கொண்டே மிஷினிடம் போனான். சென்னப்பன் நகரவில்லை.

"நேரமாச்சு, தள்ளுப்பா."

"எங்கண்ணா போறது? மைதானத்தப் பூட்டிட்டாங்க. இனிமே சாயந்தரம் வரைக்கும் நானேதான் நிக்கணும்." சென்னப்பன் நூலை ஒட்டியபடியே சொன்னான். "நான் ஆடப் போனாத்தானேண்ணா உங்களுக்கு இந்த மிஷினு? கூட்டத்துல நீங்க எந்திரிச்சப்ப, எங்களுக்காகப் பேசப் போறீங்கன்னுதான் நெனச்சேன்."

சவுரியப்பன் மேஸ்திரியிடம் ஓடினான். பதிலி ஆள் இனி வேண்டாம் என்றார் அவர்.

உச்சி வெயிலில் வீடு திரும்பியவன் நடந்ததைச் சொன்னான். லூர்துமேரி உலையிலிட எடுத்ததில் பாதியை அரிசிப் பானையிலேயே திரும்பக் கொட்டினாள்.

"அவன் முட்டையும் போச்சு, நம்ம சோறும் போச்சு. இப்ப வயிறு குளுந்துச்சாய்யா?"

எங்கே குளிர்ந்தது? படுபாவி, அவனுக்கு மிஷினாவது மிச்சமிருக்கிறதே என்று சவுரியப்பனுக்கு மறுபடியும் எரிந்தது.