நோட்டரியின் சர்க்கரை வாதுமை

பத்திரம் எழுதும் நோட்டரி ஒர்தென்ஸியோவுக்கு நேரத்துக்கு வாயைத் திறந்து பழக்கமே இல்லை. குரல் என்னவோ தேன்தான். ஆனால் பாட்டின் நடுவே தன் குரலுக்கு ஓய்வு வந்தால் போதும், தட்டிலிருந்து ஒரு சர்க்கரை வாதுமையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அதை விழுங்கி முடிப்பதற்குள் தாளத்தில் ஓர் அடி போய்விடும். அவரோடு சேர்ந்து பாடும் மற்ற நால்வரும் தடுமாறுவார்கள். ஐந்து வருஷமாக நான் தட்டை ஒளிப்பதும் அவர் என்னைத் திட்டுவதுமாக இருந்தோம்.

என் கணவர் ஃபுல்வியோ ஐந்து குரலுக்கு எழுதிய புதுக் காதல் பாட்டை அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அல்வீஸே பிரபுவின் தோட்டத்தில் பாட வேண்டும். ஒத்திகை கூடாது, ஏட்டைப் பார்த்ததும் பாட வேண்டும் என்பது பிரபுவின் விருப்பம். பிடித்துப்போனால் அந்த வீட்டிலேயே இசை வேலை. இல்லாவிட்டால் என் அண்ணனுடைய மாவு மில்தான் கதி. அண்ணியின் பேச்சை ஆயுசுக்கும் கேட்க வேண்டும்.

படியெடுத்தது நான். ஒவ்வொருவர் ஏட்டிலும் அவரவர் குரல் மட்டுமே இருக்கும். விருந்தினர் உட்காரும்போது சும்மா நோட்டரியின் ஏட்டைப் புரட்டினேன். பாட்டு முழுவதிலும் அவருக்கு ஒரே இடத்தில்தான் ஓய்வு. அங்கே அடிக்கு ஒன்றாக இரண்டு ஓய்வுக் கோடு போட வேண்டியவள் ஒன்றுதான் போட்டிருந்தேன். அதற்கு இரண்டு நாள் முன் கஞ்சி பொங்கிவிட்டதென்று பாதியில் எழுந்து ஓடியதன் பலன். திருத்த மையும் இல்லை, இறகுப் பேனாவும் இல்லை.

"ஐயா, இங்க ஒரு கோடு விட்டுப்போச்சு. 'கண்ணீர்'னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு அடி பொறுத்துக்குங்க," என்றேன் அவர் காதோரம்.

"எழுதியிருக்கறதைத்தான் பாடுவேன். என் தொழிலே அதுதான். எனக்கு எண்ணத் தெரியாதுங்கறியா? போய் உக்காரும்மா."

ஃபுல்வியோ தாளம் போடக் கையைத் தூக்கிவிட்டார். பெஞ்சுக்கடியில் நானே ஒளித்து வைத்திருந்த வாதுமைத் தட்டை எடுத்து நோட்டரியின் முழங்கையருகே வைத்தேன்.

"என்ன திடீர்ப் பாசம்? விஷம் கிஷம் வச்சிருக்கியா?"

"பாடற தொண்டை, காயக் கூடாதுல்ல."

பாட்டு தொடங்கியது. அந்த இடம் வந்தது. நோட்டரியின் கை தட்டுக்குப் போய் இரண்டு வாதுமையை எடுத்தது. இரண்டென்றால் இரண்டடி. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, ஒன்றில் சர்க்கரை உதிர்ந்திருந்தது. முகத்தைச் சுளித்து அதைத் திரும்பப் போட்டார். மற்றதை மென்றார். ஏட்டில் இருந்த ஓர் அடி போயிற்று. இன்னும் மென்றுகொண்டிருந்தார். ஃபுல்வியோ அந்த வாயைப் பார்த்து முறைத்தார். நோட்டரி விழுங்கிவிட்டு "கண்ணீர்" என்று எடுத்தார் பாருங்கள், எங்கே வந்து விழ வேண்டுமோ அங்கேயே விழுந்தது. ஐந்து குரலும் ஒன்றாகச் சேர்ந்தன. நான் வெட்கமில்லாமல் அழுதேன். அப்பாடா என்றிருந்தது.

பிரபு ஃபுல்வியோவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே சாமானோட வந்துடுங்க. அந்தக் 'கண்ணீர்' வந்த இடம் இருக்கே, அடடா."

நோட்டரி என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? எழுதினபடியே பாடினேன். வாதுமை தின்னா தாளம் தப்பும்னியே."

"என் தப்புதாங்க," என்றேன். அவரோடு நான் வாதாடாதது அன்று ஒரு நாள்தான்.

இரண்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம். பிரபு அந்தப் பாட்டை அடிக்கடி கேட்கிறார். நோட்டரி தன் ஏட்டை வேறு யாரையும் தொட விடுவதில்லை. விட்டுப்போன கோட்டை நானும் இன்னும் போடவில்லை. ஒவ்வொரு தடவையும் தட்டை நானே கொண்டுபோய் வைக்கிறேன். அதில் ஒரே ஒரு வாதுமைதான் இருக்கும்.