எழுப்பி நிறுத்தியிருந்தால்

சக்திவேல் கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டினான். 2001-இல் ஒரு காலை, திருவண்ணாமலை மார்க்கெட்டில் வேர்க்கடலை மூட்டைகளை இறக்கிவிட்டு வண்டியில் ஏறப் போனவன் அப்படியே சரிந்தான். எல்லாம் சுற்றுகிறது என்று சொல்லி வாந்தி எடுத்தான்.

பக்கத்திலிருந்த கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். அவன் மனைவி அன்புச்செல்வி பஸ் பிடித்து வந்தபோது பெஞ்சில் கிடந்தான். உட்கார வைத்தால் இடப்பக்கம் சாய்ந்தான்.

"காதுல கோளாறு. அதான் பேலன்ஸ் தப்புது," என்றார் டாக்டர். "மாத்திரையில சரியாயிடும்."

"நிக்கவே முடியலீங்க. நான் ரெண்டு பேரா தெரியறேன்றாரு. பேச்சும் கொழறுது."

"தல சுத்துனா அப்படித்தாம்மா இருக்கும். நீ பயந்து அவரையும் பயமுறுத்தாத."

அவள் மாத்திரையை வாங்கிக்கொண்டு அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மறுநாள் குடித்த தண்ணீர் அவனுக்குப் புரையேறி மூக்கு வழியாக வந்தது. அதன்பின் அவள் யாரையும் கேட்கவில்லை. கார் வைத்து வேலூருக்குக் கொண்டுபோனாள்.

அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருப்பதாகச் சொன்னார்.

"காதுன்னாங்களே?"

"காதுக் கோளாறுலயும் தல சுத்தும், வாந்தி வரும். ஆனா பெரும்பாலும் எதையாவது புடிச்சிக்கிட்டு நடந்துடுவாங்க. நிக்கவே முடியல, ரெட்டையா தெரியுது, பேச்சு கொழறுதுன்னா மூளையத்தான் மொதல்ல பாக்கணும்."

"நேத்தே வந்திருந்தா?"

"பாதிப்பு கம்மியாயிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா."

சக்திவேல் பிழைத்தான். கோலூன்றி நடந்தான். ஆனால் இனி வேன் ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் அன்புச்செல்வி அந்தக் கிளினிக்குக்குப் போனாள். டோக்கன் வாங்காமல் உள்ளே நுழைந்தாள்.

"அன்னிக்குக் காதுன்னுதாம்மா தோணுச்சு," என்றார் டாக்டர்.

"தோணட்டும். ஒரு தடவ எழுப்பி நிறுத்திப் பாத்தீங்களா? நான் சொன்னது எதுனா காதுல விழுந்துச்சா?"

"வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."

"நாங்களும் அப்படித்தான் காத்திருந்தோம். பதில் சொல்லுங்க."

அவர் மேசை மணியை அழுத்தினார். உள்ளே வந்த நர்ஸ் அவள் கையைப் பிடித்தாள். அன்புச்செல்வி உதறினாள். "நான் சொல்லச் சொல்ல கேக்கலியே நீ," என்றாள் டாக்டரைப் பார்த்து. மரியாதை தானாகவே கழன்றுவிட்டது. அவர் நர்ஸிடம் அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார்.

வீட்டில் சக்திவேல், "விடு, உசுரோட இருக்கேன்ல," என்றான்.

"உன்னால விட முடிஞ்சா விடு," என்றாள். "என்னை விடச் சொல்லாத."

உலையில் அரிசியைக் கொட்டினாள். கொட்டிய வேகத்தில் பாதி அடுப்பில் சிந்தியது.