சனிக்கிழமை யாரும் கூப்பிடாதீங்க

என் வீட்டுக்காரர் ஜீவராஜ், டயகமவில் எண்பத்து மூன்று வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறார். எல்லாம் பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத லயங்கள், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். மலை உச்சியில் ஒரு கம்பம், அதில் நெட் இருந்தால் எரியும் ஒரு பச்சை விளக்கு, கீழே எங்கள் வீட்டில் ஒரு பெட்டி. அவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

நாலு வருஷமாக மனுஷன் ஒரு நாள்கூட வெளியூர் போனதில்லை. நெட் நின்றால் கூப்பிடுவார்கள், சரி. டீவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவரும் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சனிக்கிழமை கண்டியில் சின்ன இன்டர்நெட்காரர்களுக்கு ஒரு கூட்டம். எல்லோரும் சேர்ந்து மொத்தமாக, மலிவாக நெட் வாங்குவதாக ஏற்பாடு. நேரில் வருகிறவர் பேர் மட்டும்தான் சேரும். சேராவிட்டால் இப்போதைய விலைக்குக் கட்டுப்படியாகாமல் வருஷக் கடைசியில் கம்பத்தைக் கழற்ற வேண்டியதுதான்.

"நா இல்லாத நேரம் ஏதாச்சும் ஆயிட்டா?" ஒரு வாரமாக இதே பாட்டு.

வெள்ளிக்கிழமை காலை, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நானே போனேன். கங்காணியிடம் கேட்டுக்கொண்டு எல்லோருக்கும் சொன்னேன். "நாளைக்கு ஒரு நாள் யாரும் அவர கூப்பிடாதீங்க. என்னா ஆனாலும் எங்கிட்ட சொல்லுங்க."

சிரித்தார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

சனிக்கிழமை காலை பெட்டியை மூன்று தடவை பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் கதவைப் பூட்டும்போது ஒரு காற்று அடித்தது. ஃபோனைப் பார்த்தேன், நெட் இல்லை. சொன்னால் மனுஷன் கம்பத்தில்தான் ஏறுவார், பஸ்ஸில் ஏற மாட்டார். வாயை மூடிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பஸ் நின்றிருந்தது. மேட்டிலிருந்து அழகம்மா அக்கா மூச்சிரைக்க இறங்கி வந்தார். அவர் மகள் நாகலெட்சுமி சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்கிறாள். காலையில் ஃபோனில் மகள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அக்கா தேத்தண்ணியே குடிப்பார். போச்சு என்று நினைத்தேன்.

"என்னாக்கா, நெட் நல்லா இருக்கா?" இவரே வாயைக் கொடுத்தார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "இல்லாம? இப்பதான் மகள பாத்து பேசிட்டு வாரேன். பக்கத்துல இருக்கிற மாதிரி இருந்துச்சு. நல்லபடியா போயிட்டு வாங்க தம்பி."

பஸ் போய்விட்டது.

"இன்னிக்கு அவளுக்கு பொறந்த நாளு" என்றார் அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் இவர் கூப்பிட்டார். "வளைவுல திரும்பும்போது பாத்தேன். பச்ச வெளக்கு எரியல."

தூக்கிவாரிப் போட்டது. "எறங்கிட்டீங்களா?"

"எறங்கத்தான் எந்திரிச்சேன். மக மொகத்த பாக்காமலே பாத்தேன்னு சொல்லி அனுப்பி வச்சிருக்காங்க. திரும்பி வந்தா அக்கா மூஞ்சியில எப்படி முழிக்கிறது? போயி பேர சேத்துட்டு வாரேன்."

சேர்த்துவிட்டுத்தான் வந்தார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்குள் நுழையவில்லை. கண்டிக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடு நேரே கம்பத்தில் ஏறினார். பச்சை விளக்கு எரிந்ததும் நான் அழகம்மா அக்கா லயத்துக்கு ஓடினேன்.

சிங்கப்பூரில் அப்போது மணி ஒன்பதரை. பிறந்த நாள் முடிய இன்னும் நேரம் இருந்தது.