இரண்டாவது பிராசசர்

ஒரு லிஃப்ட் திணறுகிற கட்டடத்தில் இன்னொன்றை மாட்டினால் கூட்டம் குறையும். காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆகவே, வேலைக்குப் போன ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை அங்கிருந்தவர்கள் காட்டி, "இதுக்குள்ள மூளை மாதிரி ரெண்டு பிராசசர் இருக்கு, வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றதும் மனிதர் மறுபேச்சுப் பேசாமல் தோளில் தூக்கிக்கொண்டார்.

கூட வேலை பார்ப்பவர் சும்மா இருப்பாரா? "ஒண்ணைக் கட்டி மேய்க்கவே முடியலை, உனக்கு ரெண்டு கேக்குதா?" என்றார். மெக்கானிக் சிரித்து வைத்தார். மனைவி பிரிந்து, மகளோடு வேறு ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த மாதிரிப் பேச்சுக்குச் சிரிப்பது அவருக்கு இன்னும் பழகவில்லை.

மகளோடு அவருக்கு மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுதான். அவளும் அவள் தோழிகள் இரண்டு பேரும் இவரும், அவரவர் வீட்டிலிருந்தபடியே, ஒரே அணியாகக் காடு மலையெல்லாம் கடந்து ஒரு கோட்டையைப் பிடிக்க வேண்டும். இவருடைய பழைய கம்ப்யூட்டரில் படம் திக்கித் திக்கி வரும். தோழிகள் முன்னால் ஓடிவிடுவார்கள். மகள் மட்டும் ஏதாவது ஒரு பாறையோரம் நின்று, "வாங்கப்பா, நான் இருக்கேன்" என்பாள். நின்ற நேரத்தில் பல்வலி, கணக்கு டீச்சர், அம்மாவோடு போட்ட சண்டை என்று வாய் ஓயாது. ஆனால் ஒருநாள், "உங்கப்பாவை விட்டுட்டு வாடி" என்று ஒரு தோழி சொன்னது ஹெட்போனில் இவர் காதிலும் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே பயம். இனி வர வேண்டாம் என்று மகளே சொல்லிவிடுவாளோ?

புதுப் பெட்டி வந்ததும் அறையே இரைந்தது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாகக் கரண்ட் மீட்டர் சுற்றியது. விளையாட்டோ முன்னைவிட மோசமாகத் திக்கியது. கடைசியில், விளையாட்டுப் படம் ஓடுவதற்கென்று அதற்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கிய கடைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், தன் லிஃப்ட் நியாயத்தை எடுத்துவிட்டார்.

கடைக்காரம்மா மூடியைக் கழற்றிப் பார்த்தார். "அண்ணே, லிஃப்ட்ல ஏற ஒரே ஒரு ஆள்தான்னா, ரெண்டு லிஃப்ட் வச்சு என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணு சும்மா நிக்கும்."

"சும்மா நின்னாலும் பரவாயில்லையே. இது ஆளைப் பாதி வழியில எறக்கி அதுல ஏத்தி, மறுபடி அதுலேர்ந்து இதுல ஏத்தி இழுத்தடிக்குது. ஆபீஸ்ல நூறு பேர் வேலையைப் பங்கு போடத்தான் ரெண்டு வேணும். வீட்டுல ஆடுறதுக்கு ஒண்ணு போதும்."

சொன்னபடியே ஒன்றைக் கழற்றி, மெமரியையெல்லாம் மிஞ்சியதன் பக்கம் மாற்றிப் பொருத்திக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. மெக்கானிக் தோழிகளுக்கு ஈடுகொடுத்தார். கோட்டை வாசலை முதலில் தொட்டதே அவர்தான். "செமப்பா" என்றாள் மகள். "அடுத்த வாரம் பாக்கலாம்ப்பா." அவ்வளவுதான். வேறு ஒரு பேச்சும் இல்லை, நின்றால்தானே பேச? ஹெட்போனைக் கழற்றினால் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. அவளுக்குப் பல்வலி போனதா என்றுகூடத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் நாலு வார்த்தைக்கு ஏங்கி, மனிதர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

அடுத்த வாரம் காட்டின் நடுவே மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்னப்பா, மறுபடியும் திக்குதா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "ஆமாம்மா" என்றார். "ரொம்பத் திக்குது."

தோழிகள் மலையேறிப் போய்விட்டார்கள். மகள் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"போன வாரம் ஏன்ப்பா அவ்வளவு வேகமா ஓடினீங்க?" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணுமே சொல்ல முடியலை."

"இப்பச் சொல்லும்மா" என்றார். "நான் எங்கயும் போகலை."