காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு

தையல்காரர் அந்தப் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்த மறுநாளிலிருந்து, தெருவில் யாருக்கும் காலையில் எடுத்த அளவு மாலையில் சரிப்படவில்லை. முதலில் மாட்டியவர் பல் டாக்டர். காலையில் நாற்பது இருந்த மார்பு சாயங்காலம் முப்பத்தெட்டரைக்கு வந்துவிட்டது. டேப் தேய்ந்திருக்கும் என்று புது டேப் வாங்கினார்கள். எதிர்க்கடைத் தச்சர் தம்முடைய இரும்பு டேப்பால் அளந்து பார்த்து, "டேப்பு சரியாத்தான் இருக்கு, டாக்டர்தான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் பிள்ளைகளைத் திட்டிவிட்டு வரும் நாட்களில் அரை இஞ்ச் குட்டையாக இருந்தார். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

புத்தகம், கிழிந்த பாக்கெட்டைத் தைக்க வந்த ஒரு பழைய கோட்டுக்குள் கிடந்தது. கோட்டுக்காரர் திரும்ப வரவேயில்லை. ஒருவேளை வேறு ஆளாக வந்துபோனாரோ என்னவோ. தையல்காரர் அதுவரை சினிமா விளம்பரத்தைத் தவிர எதையும் முழுதாகப் படித்தவரில்லை. கரண்ட் போய் மிஷின் நின்ற மதியங்களில் எழுத்துக்கூட்டிப் படித்தார். நேற்றுப் படுத்தவரும் இன்று எழுந்தவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு யார் சாட்சி என்று அந்தப் பக்கம் கேட்டது; பதில் சொல்லாமலே அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டது. எழுதினவனுக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விட்டான். தலையைப் பிய்த்துக்கொண்டவர் இவர். தொழிலையாவது ஒருவழியாகச் சமாளித்தார். தையலுக்கு உள்ளே நான்கு விரல் துணி விட்டுத் தைத்தார், தெருவும் பழகிக்கொண்டது. வீட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை.

பத்தொன்பது வருடம் 'நீ, வா, போ' என்று பேசிய மனைவியை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் டீ கொடுத்தால் எழுந்து நின்று வாங்கினார்.

"என்ன, கிண்டலா?"

"இல்லீங்க. எனக்குக் கல்யாணம் ஆனது வேற ஒருத்தங்களோட. பார்க்க உங்களை மாதிரியேதான் இருப்பாங்க."

முதல் மாதம் அவள் சிரித்தாள். இரண்டாம் மாதம் வாய்க்கு வந்தபடி வைதாள், புத்தகத்தைத் துணி மூட்டைக்கு அடியில் ஒளித்தும் பார்த்தாள். மூன்றாம் மாதம் அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவி, பெட்டியில் நாலு துணியை அடைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். "நான் யாரோன்னா எனக்கு இந்த வீட்ல என்ன வேலை?" போகிறவள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை, போய்விட்டால் தாங்காது என்பது மட்டும் தெரிந்தது. யாரென்றே தெரியாத ஒருத்திக்காக ஏன் மனசு இப்படி அடித்துக்கொள்கிறது என்று புத்தகத்தை அவசர அவசரமாகப் புரட்டினார். அதில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "நீங்க யாருன்னு எனக்குத் தெரியல. நான் யாருன்னும் தெரியல. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அவள் பெட்டியைக் கீழே வைக்காமல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

"சரி, நாளைக்கு?"

"நாளைக்கு இருக்கிறவங்ககிட்ட நாளைக்குக் கேட்பேன்."

"இன்னிக்கு மட்டும்னா சரி" என்று சொல்லி, உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதன்பின் இருபத்தாறு வருடம், தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து வாசலில் நின்றே கேட்டார். சில நாள் உடனே சரி என்பாள். சில நாள் துணி மடித்து முடிக்கும்வரை நிற்கவைப்பாள். "என்ன, இன்னும் பதில் வரலையா?" என்று விசாரித்துக்கொண்டு தெருக்காரர்கள் அவரைக் கடந்து போவார்கள். தாம் கேட்பது யாரை, கேட்கிறவர் யார் என்ற குழப்பம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. அத்தனை வருடத்தில் இரண்டே நாள் அவள் "முடியாது" என்றாள். அந்த இரண்டு நாளும் அவர் திரும்பிப் போய்க் கடையில் படுத்துக்கொண்டார்.